வெயிலில் போய் வந்து பத்து நாள் கழித்து ஏன் தடிப்பு வருகிறது? லூபஸ் உள்ள சகோதரிக்குத் தோல் மருத்துவரின் பதில்

கேள்வி: எனக்கு வயது 31. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தினமும் ஸ்கூட்டரில்தான் போய் வருகிறேன். இரண்டு வருடம் முன்பு லூபஸ் என்று சொன்னார்கள். மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் கண் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் மூன்று மாதம் முன்பு நிறுத்திவிட்டேன். போன மாதம் மகளுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போனோம். பகல் முழுக்க வெயிலில் நின்றோம். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்து முகத்திலும் கழுத்திலும் முன்கையிலும் தடிப்பு வந்தது. இத்தனை நாள் கழித்து வந்ததால் வெயில் காரணமாக இருக்காது, அங்கே சாப்பிட்ட சாப்பாடுதான் என்கிறார் மாமியார். தோலில் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். தோலின் அடி அடுக்கில் செல்கள் இறந்திருக்கின்றன, சுற்றி அழற்சி இருக்கிறது என்று ரிப்போர்ட். ஆன்டி-ரோ பாசிட்டிவ் என்றும் இருக்கிறது. என் தோல் அழுகுகிறதா? இது புற்றுநோயா? நான்கு வயது மகள் என்னோடுதான் படுக்கிறாள், அவளுக்கு ஒட்டுமா? இரண்டாவது குழந்தைக்கு ஆசை இருக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோல் அழுகவில்லை. இது புற்றுநோய் இல்லை. லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குகிற நோய், அது ஒட்டுகிற நோயே இல்லை. மகளை இன்று இரவும் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்ளுங்கள், அவளுக்கு ஒன்றும் ஆகாது.

பழனிச் சாப்பாட்டின் மேல் பழி வேண்டாம். காரணம் அன்றைய வெயில்தான். பத்து நாள் இடைவெளி இந்த நோயில் வழக்கமாக நடப்பது. அது ஏன் என்று கீழே விளக்குகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது வெயிலும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. மாத்திரையை நிறுத்திய அந்த மூன்று மாதம்தான்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். தோலின் மேல்பகுதி, அடுக்கடுக்காக வைத்த செல்களால் ஆனது. கெரட்டினோசைட் என்று பெயர். அடி அடுக்கில் புதுச் செல்கள் பிறந்து, மெல்ல மேலே நகர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் உதிர்ந்துவிடும். உங்கள் தோலிலிருந்து எடுத்த சின்னத் துண்டைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, அந்த அடி அடுக்கு சீராக இருக்காது. செல்களில் குமிழ் குமிழாக வெற்றிடம் தெரியும். இடையிடையே சில செல்கள் சுருங்கி, நல்ல இளஞ்சிவப்பில் உருண்டையாக நிற்கும். அவைதான் இறந்த செல்கள். அடியில் நீலப் புள்ளிகளாக லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் கூடியிருக்கும். அதைத்தான் அழற்சி என்று எழுதுகிறார்கள். லூபஸ் தோலில் எதிர்பார்க்கிற காட்சி இது. தோல் முழுக்கச் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

செல் இறப்பது என்பதே பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. நல்ல ஆரோக்கியமான ஆள் அரை மணி நேரம் வெயிலில் நின்றாலும் தோலில் சில செல்கள் இறக்கும். புற ஊதாக் கதிர் செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கிறது. சரி செய்ய முடியாத அளவுக்குக் கெட்டுப்போன செல், தானே சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரிந்து ஒழுங்காக இறந்துவிடும். அப்படி இறக்காமல் கெட்ட டிஎன்ஏவோடு உயிர் வாழ்ந்தால்தான் ஆபத்து. இறந்த பொட்டலங்களை அக்கம்பக்கத்துச் செல்களும், விழுங்குவதற்கென்றே இருக்கிற வெள்ளணுக்களும் எடுத்துச் சுத்தம் செய்துவிடும்.

சிக்கல் அந்தச் சுத்தம் செய்கிற இடத்தில்தான். பந்தி முடிந்ததும் எச்சில் இலையை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை, அப்படியே விட்டுவிட்டால் ஈயும் நாயும் கூடிவிடும் அல்லவா? லூபஸ் தோலில் நடப்பது ஏறக்குறைய அதுதான். 2006-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் தோல் லூபஸ் உள்ளவர்களின் தோலில் புற ஊதா ஒளியை அளந்து பாய்ச்சிப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு நாள் கழித்து இறந்த செல்கள் அதிகமாகத் தெரிந்தன, மூன்றாம் நாளில் குறைந்துவிட்டன. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மூன்றாம் நாளில் எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ரத்தத்தில் சி1க்யூ என்று ஒரு புரதம் இருக்கிறது. இறந்த செல்லின் மேல் ஒட்டி, இதை எடுத்துவிடு என்று அடையாளம் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. பிறவியிலேயே அந்தப் புரதம் இல்லாத குழந்தைகள் மிக மிக அபூர்வம். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு லூபஸ் வந்துவிடுகிறது. இறந்ததை அகற்றாமல் விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எடுக்காமல் விட்ட செல் மிச்சத்தால் என்ன கெடுதல்? உங்கள் ரிப்போர்ட்டில் ஆன்டி-ரோ என்று பார்த்தீர்களே, அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ரோ என்பது எல்லோருடைய செல்லுக்கு உள்ளேயும் இருக்கிற ஒரு புரதம். ஆன்டி-ரோ என்பது அதைப் பிடிக்க நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்குகிற எதிர்ப்பொருள். உள்ளே இருக்கும்வரை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது. 1994-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வளர்த்த தோல் செல்களின் மேல் புற ஊதாக் கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். செல் இறக்கும்போது மேற்பரப்பில் கொப்புளங்கள் கிளம்பின. அந்தக் கொப்புளங்களில் ரோ புரதமும், டிஎன்ஏ துணுக்குகளும், லூபஸ் நோயாளிகள் எதிர்ப்பொருள் உண்டாக்குகிற வேறு பல பொருட்களும் திரண்டிருந்தன. அதாவது உள்ளே மறைந்திருந்தவை வெளியே வந்து நிற்கின்றன. உங்கள் ரத்தத்திலோ அவற்றைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் ஏற்கெனவே தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் அழற்சி தொடங்குகிறது.

அடுத்தது இன்டர்ஃபெரான். வைரஸ் நுழைந்தால் செல்கள் கொடுக்கிற அபாயக் குரல் அது. லூபஸ் உள்ளவர்களின் உடலில் வைரஸ் இல்லாமலேயே அந்தக் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும். அது ரத்தத்தில் வெள்ளணுக்களிலிருந்துதான் வருகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மிஷெல் காலன்பெர்க் குழுவினர் செய்த வேலை அந்த எண்ணத்தை மாற்றியது. தோல் செல்களே இன்டர்ஃபெரான் கப்பா என்ற ஒரு வகையைச் சொந்தமாகச் சுரக்கின்றன, லூபஸ் தோலில் அது அதிகம், வெயிலுக்குத் தோல் அளவுக்கு மீறிச் சீறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று 2018-இல் காட்டினார்கள். இன்டர்ஃபெரானில் ஊறிய தோல் செல், சாதாரணச் செல் தாங்குகிற கதிருக்கே இறந்துவிடும். அப்படி இறக்கிற செல்களில் எல்லாமே சுருங்கி ஒழுங்காக இறப்பதும் இல்லை. லூபஸ் தடிப்புகளில், வீங்கி வெடித்து உள்ளிருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு இறக்கிற வகையின் அடையாளங்களும் கிடைத்திருக்கின்றன. கொட்டியதைப் பார்த்து இன்னும் இன்டர்ஃபெரான் சுரக்கும். அதனால் இன்னும் செல்கள் இறக்கும். ஒருமுறை சுழல ஆரம்பித்தால் இந்தச் சக்கரம் வெயில் போன பிறகும் சுழன்றுகொண்டே இருக்கும்.

உங்கள் பத்து நாள் கணக்கு இங்கேதான் விளங்குகிறது. சாதாரண வெயில் எரிச்சல் அன்று மாலையே சிவந்து, ஓரிரு நாளில் அடங்கும். லூபஸ் தடிப்பு அப்படியில்லை. செல் இறந்து, மிச்சம் தேங்கி, எதிர்ப்பொருள் வந்து சேர்ந்து, லிம்போசைட்டுகள் படையெடுத்து வந்து, அதன் பிறகுதான் தோலில் கண்ணுக்குத் தெரியும். சோதனைச்சாலையில் கதிர் பாய்ச்சிப் பார்த்தபோதும் சராசரியாக ஒரு வாரம் தாண்டித்தான் தடிப்பு வந்தது. சிலருக்கு மூன்று வாரம்வரை ஆனது. என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் வெயில் எனக்கு ஒத்துக்கொள்கிறது என்று உறுதியாகச் சொல்வதற்கு இந்த இடைவெளிதான் காரணம். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பார்களே தவிர, இரண்டு வாரம் முன்பு கல்யாண வீட்டு வாசலில் நின்றது நினைவுக்கு வராது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். புரிந்துகொண்டால் அடுத்த திருவிழாவில் உங்களை நிழலில் உட்காரச் சொல்லுகிற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். தடிப்பு இல்லாத, பார்க்க நன்றாக இருக்கிற உங்கள் தோலிலும் இன்டர்ஃபெரான் குரல் தணிவாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதே மிச்சிகன் குழு, லூபஸ் உள்ளவர்களின் தடிப்பில்லாத தோலை ஒவ்வொரு செல்லாக ஆராய்ந்து இதை 2022-இல் எழுதியது. ஆகவே தடிப்பு வந்த இடத்துக்கு மட்டும் களிம்பு, வெயில் படுகிற மற்ற இடத்துக்கு ஒன்றும் வேண்டாம் என்கிற பழக்கம் உதவாது.

வெயில் கெடுப்பது தோலை மட்டும் என்றும் நினைக்காதீர்கள். எலிகளில் செய்த ஓர் ஆய்வில், தோலில் புற ஊதாக் கதிர் பட்ட பிறகு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் தோலோடு நிற்காமல் சிறுநீரகத்துக்கும் போய் அழற்சியை உண்டாக்கின. மனிதர்களிலும் நல்ல வெயிலுக்குப் பிறகு மூட்டு வலி, காய்ச்சல், அசதி என்று லூபஸ் கிளம்புவதைப் பார்க்கிறோம். எனவே இப்போதைய தடிப்புக்கு மருந்து வாங்கப் போகும்போது சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலையில் எழும்போது கண்ணைச் சுற்றியும் மாலையில் காலிலும் வீக்கம் தெரிந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.

இனி ஸ்கூட்டர். வேலையை விடச் சொல்ல மாட்டேன். விடத் தேவையும் இல்லை. முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற மெல்லிய துப்பட்டாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிகிறதா? அப்படியென்றால் கதிரும் வருகிறது. வியர்வையில் நனைந்த பருத்தித் துணி இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி வேண்டும். பனியன் கம்பெனியில் வேலை செய்கிற உங்களுக்குத் துணியின் நெருக்கத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுக்கை மேலுடுப்பு, கையுறை, முன்கண்ணாடியோடு கூடிய முழு ஹெல்மெட். நல்ல பாலிகார்பனேட் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் கழுத்தின் பின்பக்கமும், சட்டைக் கழுத்து இறங்குகிற இடமும் திறந்தே கிடக்கும். உங்களுக்குக் கழுத்தில் தடிப்பு வந்தது தற்செயல் இல்லை.

சன்ஸ்கிரீன் பூசுகிறேன், பலனில்லை என்பவர்களிடம் எவ்வளவு பூசுகிறீர்கள் என்று கேட்டால் பட்டாணி அளவு காட்டுவார்கள். அது போதாது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு போட்டு எடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். காதுகளை மறக்காதீர்கள். வெயிலில் நம் மேல் படுகிற புற ஊதாக் கதிரில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை உண்டு. எஸ்பிஎஃப் 50 என்று இருப்பது யுவிபி கதிருக்கான கணக்கு. யுவிஏவையும் தடுக்கும் என்று மேலே போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லூபஸைக் கிளப்புவதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்ப இருபது நிமிடம் முன்பு பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூச வேண்டும். நம் ஊரில் மேகம் மூடியிருக்கிற நாளிலும், மார்கழிக் குளிரிலும் புற ஊதாக் கதிர் போதுமான அளவு இருக்கிறது. காலை பத்திலிருந்து மாலை நான்கு மணிவரை உள்ள நேரம்தான் மோசம். வெளி வேலைகளை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்குள்ளே ஒரு விஷயம். செக்கிங் மேசை வெளிச்சத்துக்காக ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும். ஜன்னல் கண்ணாடி யுவிபியை நிறுத்திவிடும், யுவிஏவை விட்டுவிடும். வருடக்கணக்கில் தினமும் எட்டு மணி நேரம் ஒரே பக்கம் வெளிச்சம் பட்டு உட்கார்ந்தால் அதுவும் கணக்கில் சேரும். உள் மேசைக்கு மாற்றிக் கேளுங்கள். டாக்டர் சீட்டு வேண்டுமென்றால் உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுப்பார், தயங்காமல் கேட்டு வாங்குங்கள். மேலே எரிகிற எல்இடி விளக்குகளைப் பற்றிப் பயம் வேண்டாம், அவற்றிலிருந்து புற ஊதாக் கதிர் வருவது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பக்கத்தில் யாராவது வெல்டிங் வைத்தால் அங்கே நிற்காதீர்கள். வெல்டிங் ஒளியில் அது மிக அதிகம்.

இப்படி மூடிக்கொண்டு இருப்பதால் வைட்டமின் டி குறையும். ரத்தத்தில் பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்காக வெயிலில் போய் நிற்க வேண்டாம்.

இப்போது மாத்திரை. அதன் பெயர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியாவுக்கு என்று வந்த மருந்து வகைதான். 1951-இல் பேஜ் என்ற ஆங்கில மருத்துவர், மெபாக்ரின் என்ற மலேரியா மருந்தை லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத் தோலும் மூட்டும் தேறியதை எழுதினார். அதிலிருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு வந்து, இன்றுவரை உலகெங்கும் லூபஸுக்கு முதல் மருந்து இதுதான். நான் மேலே சொன்ன சக்கரத்தை எங்கே பிடிக்கிறது தெரியுமா? தேங்கிக் கிடக்கிற செல் மிச்சத்திலிருந்து டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் போய் இன்டர்ஃபெரானைத் தூண்டுகிற உள் அறையில் இந்த மருந்து போய்ச் சேர்ந்துகொள்கிறது. அங்கே தூண்டுதல் மங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்புச் சக்தியை மொத்தமாக அடக்குகிற மருந்து இல்லை இது. அதனால்தான் எங்களுக்கு இதன் மேல் இவ்வளவு நம்பிக்கை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கனடாவில் நோய் அடங்கியிருந்த 47 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தையும் மறுபாதிக்கு அதே மாதிரி வெறும் மாத்திரையையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 1991-இல் முடிவு வெளிவந்தது. மருந்து நின்றவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு 2.5 மடங்கு. இந்த மருந்து உடலை விட்டுப் போகவும் நாளாகும். அதனால் நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றும். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். காப்பு குறைந்துபோன நேரத்தில் பழனி வெயில் வந்து சேர்ந்துகொண்டது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். நீண்ட காலம், அதுவும் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம். ஆனால் சரியான அளவில் முதல் ஐந்து வருடத்தில் அந்த ஆபத்து நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பத்து வருடம்வரை நூற்றில் இரண்டுக்கும் குறைவு. இருபது வருடம் தாண்டும்போதுதான் கணிசமாக ஏறுகிறது. சரியான அளவு என்பது உங்கள் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருப்பது. நீங்கள் 50 கிலோ என்றால் 250 மில்லிகிராம். உங்கள் எடையையும் பழைய சீட்டையும் வைத்து மருத்துவரிடம் இதைக் கேட்டுச் சரிபாருங்கள். எடை குறைவான பெண்களுக்குத் தினமும் 400 மில்லிகிராம் அதிகமாகிவிடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் அளவைக் குறைக்க வேண்டிவரும். கண் மருத்துவரிடம் முதல் வருடத்துக்குள் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, ஐந்து வருடம் ஆன பிறகு வருடா வருடம். எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, விழித்திரையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், பார்வைப் பரப்புச் சோதனையும் வேண்டும். இவற்றை ஒழுங்காகச் செய்தால், பார்வையில் உங்களுக்கே மாற்றம் தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்து நிறுத்திவிடலாம்.

ஆகவே இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து மாத்திரையை மறுபடி ஆரம்பியுங்கள். ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். தோலில் மாற்றம் தெரிய ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகலாம். அதுவரை தடிப்பை அடக்க ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பார்கள். முகத்தில் அதைச் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாள்கூடப் பூச வேண்டாம், தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பித்துவிடும். முகத்தில் தொடர்ந்து பூச டாக்ரோலிமஸ் என்று ஸ்டீராய்டு இல்லாத களிம்பு இருக்கிறது. இதையெல்லாம் மீறிப் போனால் வேறு மாத்திரைகள் உண்டு. இன்டர்ஃபெரான் குரல் போய்ச் சேருகிற ஏற்பியையே அடைக்கிற அனிஃப்ரோலுமாப் என்ற ஊசிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தோலில் நன்றாக வேலை செய்கிறது, விலைதான் மலைக்க வைக்கிறது. நிறுத்திய முதல் மருந்தை ஒழுங்காக எடுத்தாலே அடங்கக்கூடிய நிலையில் நீங்கள் இருப்பதாகத்தான் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற படைக் களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்திருக்கும். எலுமிச்சை தேய்ப்பதும் கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் நல்ல தோலே கொப்பளித்துக் கறுக்கும். சொறிவது, தேய்ப்பது, ஸ்க்ரப் போடுவது எல்லாமே லூபஸ் தோலில் புதுத் தடிப்பைக் கிளப்பக்கூடும். வீட்டில் யாருக்காவது லூபஸ் இருந்து அவர் பீடி, சிகரெட் பிடிக்கிறவர் என்றால், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், புகைக்கிறவர்களுக்குத் தோல் லூபஸ் கடுமையாகிறது, இந்த மாத்திரையும் சரியாகக் கேட்பதில்லை.

நம் நிறத்துத் தோலில் லூபஸ் சிவப்பாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் வருகிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நமக்கு அது கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில சமயம் வெறும் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். பல பேருக்கு மங்கு என்று சொல்லி மாதக்கணக்கில் வெளுக்கிற கிரீம் பூசி வீணாகியிருக்கிறது. நான் லூபஸ் என்று சந்தேகித்தால் முதலில் காதைத்தான் பார்ப்பேன். காது மடலின் உள் பள்ளத்தில், செதிலோடு, துளைகள் அடைத்தது போல் ஒரு திட்டு இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அது டிஸ்காய்டு என்கிற வகை. அடுத்துத் தலை. அந்த வகை தலையில் வந்தால் முடியின் வேரையே அழித்துத் தழும்பாக்கிவிடும், அதன் பிறகு அங்கே முடி முளைக்காது. வட்டமாக முடி கொட்டி அந்த இடம் வழவழப்பாக மின்னினால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடக் கூடாது. ஆன்டி-ரோவோடு உங்களுக்கு வந்திருப்பது அந்த வகையாக இல்லாமல், தழும்பு விடாமல் ஆறுகிற வகையாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. கறுப்பு நிறம் மட்டும் மங்கச் சில மாதம் பிடிக்கும். எதற்கும் காதையும் உச்சந்தலையையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வேறு ஏதாவது மாத்திரை புதிதாகச் சாப்பிட்டிருந்தாலும் சொல்லுங்கள். வயிற்றெரிச்சலுக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், படைக்குக் கொடுக்கிற டெர்பினாஃபின் ஆகியவை இந்த வகைத் தடிப்பைக் கொண்டுவரலாம்.

புற்றுநோய் இல்லை என்று மேலே சொன்னேன். அதில் மாற்றமில்லை. பல வருடம் ஆறாமல் கிடந்து வெளுத்துத் தழும்பான டிஸ்காய்டு திட்டில், குறிப்பாக உதட்டில், எப்போதாவது புற்று வரலாம். பழைய திட்டு ஒன்று திடீரென்று தடித்துப் புண்ணாகி ஆறாமல் இருந்தால் காட்ட வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மகளைப் பற்றி: லூபஸ் உள்ள தாயின் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு இருக்கிறதே தவிர, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதே இல்லை. எந்த அறிகுறியும் இல்லாமல் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இப்போதே வேண்டாம். நோய் அடங்கி ஆறு மாதமாவது அமைதியாக இருந்த பிறகு. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பத்தில் தொடர வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று பயந்து மறுபடி நிறுத்திவிடாதீர்கள். வேறு லூபஸ் மருந்துகளில் சில கருவுக்கு ஆகாது, மெத்தோட்ரெக்ஸேட்டும் மைகோஃபினோலேட்டும் அப்படிப்பட்டவை. அவற்றைச் சாப்பிட நேர்ந்தால் முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆன்டி-ரோ எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அதனால் சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் தடிப்பு வரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் கரையக் கரைய, ஆறு எட்டு மாதத்தில் அதுவும் போய்விடும். நூற்றில் ஏறக்குறைய இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் இதயத் துடிப்பு மின் ஓட்டத்தில் அடைப்பு ஏற்படலாம், அது நிரந்தரம். ஆகவே கர்ப்பம் உறுதியானதும் முதல் நாளே மகப்பேறு மருத்துவரிடம் லூபஸ் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஆன்டி-ரோ பாசிட்டிவ் என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள். 16-ஆவது வாரத்திலிருந்து 26-ஆவது வாரம்வரை குழந்தையின் இதயத்தை எக்கோ மூலம் அவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். அந்த ரிப்போர்ட்டை இப்போதே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மகளின் தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக வைத்துவிடுங்கள்.